ஆறு துளை, ஒரு கட்டிக் கொழுப்பு

நேற்றே நீ ஏதோ செய்து பார்த்திருக்கிறாய், ஹைனி.
நீ சொல்லாவிட்டாலும் தகடு சொல்கிறது:
ஆறாவது புள்ளியில்
விரல்நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி.
அதில் என் விளக்குத் தெரிகிறது,
விளக்குக்குக் கீழே உன் மூக்கும்.

"லேசாகத்தான் அழுத்தினேன்" என்கிறாய்.
லேசாகவா?
வேகத்தை முழுக்க முடுக்கிவிட்டு
நெஞ்சை வைத்து முட்டியிருக்கிறாய்.
துருப்பிடிக்காத எஃகை வெட்டாமல் தேய்த்தால்
தேய்த்த இடம் இறுகிப் போகும்,
வாய்ச்சண்டையில் கடைசிச் சொல்லை விடாதவள் மாதிரி.
எங்கே, பெட்டியைக் காட்டு.
இருபத்தொன்பது பிட். எல்லாம் பொன்னிறம்.
தோர்ஸ்ஹாவ்ன் கடையில் தள்ளுபடி.
மேலே பூசியதுதான் பொன்,
உள்ளே இருப்பது
அலமாரிப் பலகைக்குப் பிறந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு உன் படகு கிளம்ப வேண்டும்.
விஞ்சின் அடித்தகட்டில் ஆறு துளை, பன்னிரண்டு மில்லி.
ஸ்கோலா பட்டறையில் இந்நேரம் விழித்திருப்பது
நீ, நான், கூரைத் தகரத்தைப் பிய்க்கப் பார்க்கும் காற்று,
யாருடையது என்று தெரியாத ஒரு நாய்.

என் பெட்டியில் ஐந்துக்கும் எட்டுக்கும்
குழிகள் மட்டுமே மிச்சம்.
எல்லாருக்கும் வேண்டிய அளவை
எல்லாரும் எடுத்துப் போகிறார்கள்.
பதினொன்றே முக்காலை ஒருவரும் கேட்டதில்லை.
வாங்கிய அன்றைய எண்ணெயோடு
கன்னி கழியாமல் கிடக்கிறது.

கோபால்ட் கலந்தவை இரண்டை எடுக்கிறேன்:
வழி திறக்க ஆறரை, பிறகு பன்னிரண்டு.
நிறம் மங்கல். முனை தட்டை.
பட்டையைக் கீழ்ப்படிக்கு மாற்றுகிறேன்.
எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தால்
ஒரே சொட்டு,
அதுவும் விழலாமா என்று யோசிக்கிறது.

ஓடுகிறாய். மூச்சிரைக்க வருகிறாய்
காகிதத்தில் சுற்றிய ஆட்டுக்கொழுப்போடு.
மீன் வெந்ததும் உருக்கி ஊற்றுவதற்காக
படகு அடுக்களையில் வைத்திருந்தது.
சிரிக்கத்தான் வாயெடுத்தேன்.
ஆனாலும் பிட்டை அதில் குத்தி எடுத்தேன்.

முதல் துளை.
கை நடுவில் தயங்கக் கூடாது,
தயங்கினால் அது மறுபடி கண்ணாடியாகும்.
இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில்
வெள்ளிச் சுருள் ஏறி வருகிறது.
புகையும் வருகிறது:
பட்டறை முழுக்க ஞாயிற்றுக்கிழமை மதியம்.
நாய் உள்ளே வந்து முறையாக உட்கார்ந்தது.

நாலாவதில் சத்தம் மாறியது.
ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் தூள்.
நிறுத்து.
சுருளைக் கையால் தட்டாதே ஹைனி! பிரஷ் எதற்கு இருக்கிறது?

சாணைக்கல்லின் முன்னே கையுறையைக் கழற்றுகிறேன்.
எனக்கு வெப்பமானி விரல்தான்;
விரல் சுடுமுன் கல்லை விட்டு எடுக்க வேண்டும்.
தண்ணீரில் முக்கினால்
கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்,
அது தெரியவருவது
ஆறாவது துளையின் பாதியில்.
இரண்டு நட்டுகளை ஒட்டிப் பிடித்து
இடுக்கில் முனையை வைத்துப் பார்க்கிறேன்.
இவனுக்கு அதைவிடக் கொஞ்சம் மழுங்கலான கோணம்,
அந்தக் கொஞ்சத்துக்கு என் கண்.
இரு உதடும் சமம்.
உதட்டுக்குப் பின்னால் உடம்பு தாழ்ந்து விலகியிருக்கிறது;
இல்லையென்றால் முதுகால் தேய்த்துக்கொண்டு
வேலை செய்ததாகச் சொல்லும்.
அப்படி இரண்டு பேர் இங்கே சம்பளம் வாங்குகிறார்கள்.

ஐந்து முடிந்தது. இனி உன் கண்ணாடி.
கொழுப்பை அள்ளி வைக்கிறேன்.
கீச்சென்றது. விடவில்லை.
மறுபடி கீச்.
உன் மூக்கு இருந்த இடத்தில்
ஒரு மெல்லிய சுருள் எழுந்தது.
மறுபக்கம் எட்டும் கடைசி நூலளவில்
கை தானாகவே இளகிக்கொண்டது.
பிட் பிடித்திழுக்கும் இடம் அதுதான்,
எனக்கு ஒரு நகம் வளைந்திருப்பதும் அதனால்தான்.

பிசிறு எடுத்து, ரசீது எழுதினேன்:
துளை ஐந்து.
துளை ஒன்று, ஏற்கெனவே தொடங்கப்பட்டது, இரட்டை விலை.
நீ வாதாட வாய் திறந்த நேரம்
மிச்சக் கொழுப்பைக் காகிதத்தோடு கவ்வி
நாய் இருட்டுக்குள் ஓடிவிட்டது.
இந்த வாரம் உன் ஆட்கள்
மீனை வெறும் உப்போடு தின்பார்கள்.

வீட்டில் காலுறையைக் கழற்றினால்
குதிகாலில் ஒரு சுருள்,
ஞாயிற்றுக்கிழமை வாசனையோடு.